திருவனந்தபுரம் மேயர் தேர்தல்: வீட்டு வசதி, நகரத் திட்டத்தில் மாநகராட்சியின் அதிகாரம் என்ன?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தின் மேயராக பாஜகவைச் சேர்ந்த வி.வி. ராஜேஷ் 2025 டிசம்பர் 26-ஆம் தேதி தேர்வு செய்யப்பட்டார். கேரளத்தில் பாஜகவைச் சேர்ந்த ஒருவர் மேயராவது இதுவே முதல் முறை. வீடற்றோருக்கு வீடு, திட்டமிட்ட நகர வளர்ச்சி ஆகியவற்றில் புதிய மாமன்றம் எந்த அளவுக்கு முடிவெடுக்க முடியும் என்பதை இங்கு காணலாம்.

மேயர் தேர்வு எப்படி?

கேரளத்தில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். டிசம்பர் 9-ஆம் தேதி நடைபெற்ற வாக்குப்பதிவில், மொத்தமுள்ள 101 வார்டுகளில் தேசிய ஜனநாயக கூட்டணி 50, இடது ஜனநாயக முன்னணி 29, ஐக்கிய ஜனநாயக முன்னணி 19, சுயேச்சைகள் 2 வார்டுகளில் வென்றனர். வேட்பாளர் மரணத்தால் விழிஞ்ஞம் வார்டில் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. சுயேச்சை ஒருவரின் ஆதரவுடன் ராஜேஷ் 51 வாக்குகள் பெற்றார்.

ஒரு வீட்டுக்கு ரூ.4 லட்சம்

நகர்ப்புற ஏழைகளுக்கான வீடுகள், மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டமும் மாநில அரசின் 'லைஃப்' திட்டமும் இணைந்து கட்டப்படுகின்றன. ஒரு வீட்டுக்கான ரூ.4 லட்சத்தில் மத்திய அரசு ரூ.1.5 லட்சமும், மாநில அரசு ரூ.50 ஆயிரமும் வழங்குகின்றன. எஞ்சிய ரூ.2 லட்சம், அதாவது சரிபாதி, உள்ளாட்சி அமைப்பின் பங்கு. எனவே, ஆண்டுதோறும் எத்தனை வீடுகள் எழும் என்பது மாமன்றத்தின் நிதி ஒதுக்கீட்டையும் பொறுத்தது.

இத்திட்ட வீடுகளில் மத்திய அரசுத் திட்டத்தின் இலச்சினையைப் பொறிக்க வேண்டும் என்ற நிபந்தனையை இடது ஜனநாயக முன்னணி அரசு ஏற்க மறுத்தது. பயனாளிகளின் சுயமரியாதையை அது பாதிக்கும் என்பது அந்த அரசின் வாதம்.

ரூ.4 லட்சம் வீடு கட்டுவதற்கான உதவி மட்டுமே. சொந்த நிலமில்லாத குடும்பத்துக்கு முதலில் நிலமோ, அடுக்குமாடிக் குடியிருப்போ தேவை. நிலத்தின் விலை உயர்ந்துள்ள தலைநகரில் இதுவே கடினமான பகுதி.

கடலோரக் குடும்பங்கள்

கடலரிப்பில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பல, வலியதுறையில் பள்ளிகளிலும் சிமென்ட் கிடங்கிலும் ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வசிப்போரை இடமாற்றும் 'புனர்கேஹம்' திட்டத்தில், நிலத்துக்கும் வீட்டுக்குமாக ரூ.10 லட்சம் வழங்கப்படுகிறது. முட்டத்தறையில் 2018-இல் 192 அடுக்குமாடி வீடுகளும், 2025 ஆகஸ்டில் 332 வீடுகளும் ஒப்படைக்கப்பட்டன. இவற்றைச் செயல்படுத்துவது மாநில மீன்வளத் துறை. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை வகுப்பது மத்திய அரசு. குடியேறிய பின் குப்பை அகற்றல், வடிகால், தெருவிளக்கு ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு.

நகரத் திட்டம்

சென்னையில் முழுமைத் திட்டத்தை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தயாரிக்கிறது. கேரளத்திலோ, 2016-ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புச் சட்டப்படி அப்பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கே உரியது. வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பரிசீலித்து, மாமன்றம் அனுப்ப வேண்டும். இறுதி ஒப்புதல் மாநில அரசிடம் உள்ளது.

திருவனந்தபுரத்தின் முழுமைத் திட்டம் 1971-இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, கழக்கூட்டம், விழிஞ்ஞம் ஊராட்சிகள் 2010-இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. 2031-ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட வரைவு, நிலம் பறிபோகும் என்ற அச்சத்தால் எழுந்த மக்கள் எதிர்ப்பை அடுத்து நிறுத்தி வைக்கப்பட்டது. அதன்பின் 2040-ஆம் ஆண்டுக்கான வரைவு தயாரிக்கப்பட்டது.

ஒரு மனை குடியிருப்புப் பகுதியா, வணிகப் பகுதியா, சாலை விரிவாக்கத்தில் சேர்கிறதா என்பதை முழுமைத் திட்டமே தீர்மானிக்கிறது. கட்டட அனுமதியும் அதன் அடிப்படையிலேயே வழங்கப்படுகிறது. ஆகவே, வாக்குறுதிகளை மதிப்பிட விரும்பும் வாக்காளர் கவனிக்க வேண்டியவை மூன்று: வீட்டு வசதிக்கான ஆண்டு ஒதுக்கீடு, வார்டு சபைகளில் வைக்கப்படும் பயனாளிகள் பட்டியல், முழுமைத் திட்டத்தில் தமது பகுதிக்குக் குறிக்கப்பட்டுள்ள வகைப்பாடு.