அகராதியில் ஏறிய கட்டுமரம்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கற்கோயிலைப் பார்த்துப் பிரமிப்பார்கள். பிறகு சங்கு மாலை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நானும் பல தடவை அப்படித்தான் திரும்பியிருக்கிறேன். சென்ற முறை மட்டும் என் பையில் ஓர் ஆங்கில அகராதி இருந்தது. கடற்கரைக்கு அகராதியோடு போகிற பித்துக்குளியும் உண்டா என்று சிரிக்காதீர்கள். அதிலிருந்த ஒரு சொல்லுக்கு உரியதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். ஆங்கிலேயர் 'காட்டமரான்' என்று சொல்லும் நம் கட்டுமரத்தைத்தான் சொல்கிறேன்.

அகராதி சொல்வதோ வேறு. இரண்டு உடல்களை அருகருகே வைத்துப் பிணைத்த படகாம். பணக்காரர்கள் பாய் விரித்து உல்லாசமாகப் போவதாம்! நம் கட்டுமரத்துக்கு உடல் ஏது? செதுக்கிய சில மரங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் கட்டுமரம். அலை மேலே விழுந்தால் தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே ஓடிப்போகும். மூழ்குவதற்கு அதில் குழியே கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலரப் போட்டுவிடலாம்.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697இல் வெளியிட்ட பிரயாண நூலில், சோழமண்டலக் கரையில் கண்ட இந்த மிதவையைப் பெயரோடு குறித்திருக்கிறார். ஏறியவனின் கால் எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கும் என்று வியக்கிறார். பெயர் கப்பலேறிவிட்டது. 1876இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் என்பவர் இரட்டை உடல் படகு ஒன்றைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் மற்றவர்களைத் தோற்கடித்தார். வேகம் அதிகம் என்பதே குற்றமாகி, அவ்வகைப் படகுகளைப் பந்தயத்திலிருந்து விலக்கினார்கள். நம் மீனவரின் சொல் அந்தச் சீமான் படகின் மேல் ஒட்டிக்கொண்டது.

அகராதியில் அதே 'ஸி' எழுத்துப் பக்கங்களைப் புரட்டினால் நம் ஊர்ச் சந்தைக்குள் நுழைந்தாற்போல இருக்கிறது. கறி அங்கே இருக்கிறது. சுருட்டு 'ஷெரூட்' ஆகிப் புகைகிறது. கயிறு மலையாளக் கரை வழியாகப் போய்க் 'காயர்' ஆகியிருக்கிறது. குருந்தக்கல் 'கொரண்டம்' என்று விஞ்ஞானப் பாஷை பேசுகிறது. செங்கற்பட்டையும் துரைமார் 'சிங்கிள்புட்' என்று அதே எழுத்தில்தான் எழுதி வைத்தார்கள்.

மிகவும் வேடிக்கையானது காசு. ஆங்கிலத்தில் 'காஷ்' என்று ஒரே நான்கு எழுத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வழங்குவது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. சில்லறை நாணயத்தைக் குறிக்கும் மற்றொன்று நம் காசு. போர்த்துகீசியர் வாய்வழி போனது. சென்னையில் கம்பெனி கணக்கர்கள் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று எழுதிய நாளில் இரண்டும் ஒரே ஏட்டில் கலந்து கிடந்திருக்கும்.

இந்தச் சொற்களையெல்லாம் பொறுமையாகத் திரட்டியவர்கள் ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும். அவர்களுடைய 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' 1886இல் வெளிவந்தது. பர்னல் அதைப் பார்க்கவில்லை, 1882லேயே காலமாகிவிட்டார்.

'ஸி'யோடு நிறுத்தியிருந்தால் சிரித்துக்கொண்டே வீடு திரும்பியிருப்பேன். 'பி' எழுத்துக்கும் புரட்டினேன். 'பரையா' என்று ஒரு சொல். பொருள்: எல்லாராலும் ஒதுக்கித் தள்ளப்பட்டவன். உலகம் வெறுக்கும் அரசாங்கத்துக்கும் பத்திரிகைக்காரர்கள் இதைத்தான் பட்டமாகச் சூட்டுகிறார்கள். பறை என்ற வாத்தியத்தின் பெயரோடு தொடர்புடையது பறையர் என்ற பெயர். தமிழ்நாட்டின் பெரிய சமூகங்களில் ஒன்று அது. சாதியற்றவர் என்ற ஐரோப்பியர் எண்ணம் பிழை என்று யூலும் பர்னலுமே அந்நூலில் எடுத்துக் காட்டினார்கள். யார் கேட்டார்கள்? 1821இல் பாரிஸில் 'பரியா' என்றே ஒரு நாடகம் அரங்கேறியது. பார்த்து உருகியவர்களில் எத்தனை பேருக்குச் செங்கற்பட்டுச் சேரி ஒன்றின் பெயராவது தெரிந்திருக்கும்?

தெரிந்த வெள்ளையர் ஒருவர் பின்னால் வந்தார். செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர். 1891இல் அவர் அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே அந்தச் சொல்தான் இருந்தது. உள்ளே உருக்கம் இல்லை, கணக்கு இருந்தது. உழுகிறவனுக்கு மண் இல்லை. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் தயவு. தரிசு நிலம் கேட்டால் மிராசு உரிமை என்று குறுக்கே நிற்கிறார்கள். கடன் பட்டவன் பண்ணையாளாகவே கிடக்கிறான். இதை இங்கிலாந்துப் பார்லிமெண்டிலும் பேசினார்கள். 1892இல் சென்னை அரசாங்கம், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. பிறர் கைக்கு விற்க முடியாதபடி நிபந்தனையும் போட்டார்கள். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான்.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் பல இடங்களில் கை மாறிற்று. 1994இல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைக் கேட்டு மக்கள் கிளர்ந்தார்கள். செங்கற்பட்டில் போலீஸார் சுட்டதில் இருவர் மாண்டனர். டிரெமென்ஹீர் தம் அறிக்கையை எழுதி அப்போது 103 வருஷங்கள் ஆகியிருந்தன.

கட்டுமரத்தைப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். மணலில் ஃபைபர் படகுகள்தான் வரிசையாகக் கிடந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் அவை ஏராளமாக வந்துவிட்டன. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இங்கே கட்டுமரம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்க அப்பா காலத்தோட சரிங்க. இப்ப எல்லாம் போட்டுதான்" என்றார்.