தாராவியும் தோல் பதனிடும் கலையும்

மும்பையின் தாராவி என்றவுடன் குடிசைகளின் நெருக்கமே பலர் கண்முன் தோன்றும். ஆயினும், அம்மாநகர் பம்பாய் என வழங்கப்பெற்ற நாளில், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே, திருநெல்வேலிச் சீமையினின்று நம்மவர் பலர் அங்குக் குடியேறியது ஒரு தொழிலின் பொருட்டே என்பதை நாம் மறத்தலாகாது. அதுவே தோல் பதனிடும் தொழில். ஆடு மாடு அறுக்கும் தொட்டி அண்மையில் பாந்திராவில் இருந்தது. மித்தி ஆற்றையடுத்த சதுப்பு நிலமோ நகரத்தார் வேண்டாது ஒதுக்கிய இடம். தமிழ் முஸ்லிம் வணிகர் அங்கே பதனிடும் சாலைகளை நடத்தினர். ஆதிதிராவிடத் தொழிலாளர் அவற்றில் உழைத்தனர்.

அத்தொழிலை ஊரார் இழிவாக எண்ணினர். அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பது, தோல் தொட்டியினுள் நிகழ்வதை ஆராயப் புகுந்தால் விளங்கும்.

பச்சைத்தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. இழைகளின் இடையே எண்ணிறந்த நுண்துளைகள் உண்டு. அவற்றில் நீர் நிறைந்திருக்கும். சுண்ணாம்புத் தொட்டியில் இட்டால் தோல் இன்னும் நீரை ஏற்றுப் பருக்கும். இவ்வாறு நீரைத் தன்னுள் தாங்கி நிற்கும் வலை போன்ற பொருளை விஞ்ஞானிகள் ஜெல் என்பர். பச்சைத்தோலை ஈரமாகவே விட்டால் அழுகும். உலர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் துளைகள் மூடிக் கொம்புபோல் விறைக்கும். நீரில் சூடேற்றினால் ஏறத்தாழ 60 பாகை சென்டிகிரேடில் சுருங்கும். மேலும் காய்ச்சினால் கரைந்து வச்சிரமாகிவிடும்.

இம்மூன்று கேட்டிற்கும் மருந்து ஒன்றே. இழைக்கும் இழைக்கும் இடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்க வேண்டும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பொருள் இதனைச் செய்கிறது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்ற முறையில், குரோமிய உப்பு இப்பணியை இன்னும் உறுதியாகச் செய்கிறது. பட்டையால் பதனிட்ட தோல் ஏறத்தாழ 70 முதல் 85 பாகை வரை தாங்கும். நன்கு குரோம் ஏறிய தோலோ கொதிநீரிலும் சுருங்காது. துவர்ப்பொருளின் மூலக்கூறுகள் பெரியவை. அவை இழைகளைப் பிணைப்பதோடு துளைகளையும் ஓரளவு நிரப்புவதால், தோல் கனத்துச் செருப்பின் அடித்தோலுக்கு ஏற்றதாகிறது. குரோமியம் துளைகளைப் பெரும்பாலும் திறந்தே விடுவதால், தோல் இலேசாகவும் மென்மையாகவும் அமைந்து, காலணியின் மேற்பகுதிக்கு உகந்ததாகிறது.

அங்ஙனமாயின், பிணைப்பு விரைந்து மிகுதலே நன்று எனலாமோ? ஆகாது. தொடக்கத்திலேயே கடுந்துவர் நீரில் அமிழ்த்தினால், மேற்பரப்பு முந்திப் பிணைந்து துளைகள் அடைபடும். துவர் உட்செல்ல வழியின்றி நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். ஆதலின், பலமுறை பயன்பட்டு வலுக்குறைந்த நீரில் தொடங்கி, படிப்படியாக வலுமிகுந்த தொட்டிக்குத் தோலை மாற்றுவதே பதனிடுவோர் மரபு. ஓரத்தைச் சிறிது வெட்டி, நிறம் நடுவரை ஊடுருவியுள்ளதா என்று வெட்டுமுகத்தில் பார்ப்பர். பார்வையும் விரல்நுனியுமே அவர்க்கு அளவுகோல்.

காரணத்தை விளக்கும் ஆராய்ச்சி நம் நாட்டில் பின்னரே வந்தது. சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தோன்றியது. கொலாஜன் மூலக்கூறு மும்முறுக்குச் சுருள் வடிவினது என்ற கருத்தை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் வெளியிட்டனர். அவர்கள் பெற்ற புகழ் தகுதியானதே. எனினும், எந்நீரில் தொடங்குவது, எப்போது மாற்றுவது, எங்கே நிறுத்துவது என்ற ஒழுங்கைத் தொட்டியருகே நின்றவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்து காத்து வந்தனர். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1971இல் விலங்கறுக்கும் கூடம் தேவநாருக்கு மாறிற்று. பதனிடும் சாலைகளும் காலப்போக்கில் தாராவியை விட்டு நீங்கின. இன்று அங்கே நாம் காண்பன, வெளியூர்த் தோலைக் கொண்டு பையும் பணப்பையும் அரைக்கச்சையும் தைக்கும் பட்டறைகள். அங்கே ஒரு பையைக் கையிலெடுத்து மடித்துப் பார்க்கும்போது அது வெடியாமல் வளையுமாயின், இழைகளைப் பிணைத்தும் துளைகளை அடைக்காமலும் விடத் தெரிந்த கைகளை நாம் நினைவுகூர்தல் வேண்டும். இழிவென ஒதுக்கப்பட்டவர்களின் அறிவை அறிவென்று ஒப்புக்கொள்வதே அவர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.