ஜன்னல் மாடலில் இருக்கு, பிளானில் காணோம்: ரெவிட் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது?

டாய்லெட்டுக்கு வென்டிலேட்டர் வைத்தாச்சு. 3டி வியூவில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் பிளானைத் திறந்தால் அந்த இடத்தில் வெறும் சுவர்தான். அதைக் கவனிக்காமல் பிடிஎஃப் எடுத்து சைட்டுக்கு அனுப்பினால், கொத்தனார் வரைபடத்தில் இருக்கிறபடி சுவரை முழுசாகக் கட்டிவிடுவார். அவர் மேல் தப்பு இல்லை. பூச்சு முடிந்த பிறகு உடைக்கும் செலவு யார் தலையில் என்பதில்தான் சண்டை ஆரம்பிக்கும்.

ரெவிட்டில் வேலை பார்க்கும் பலருக்கும் முதல் வருடத்திலேயே இந்த அனுபவம் வந்துவிடும். 1997-ல் தொடங்கப்பட்ட சின்ன நிறுவனம் ஒன்று உருவாக்கிய மென்பொருள் இது; 2002-ல் ஆட்டோடெஸ்க் அதை 13.3 கோடி டாலருக்கு வாங்கியது. ஆட்டோகேடில் பழகியவர்கள் ஒரு பொருள் தெரியாவிட்டால் லேயர் ஆஃப் ஆகியிருக்கிறதா என்றுதான் தேடுவார்கள். ரெவிட்டில் சுவருக்கும் ஜன்னலுக்கும் லேயரே கிடையாது. இருப்பது ஒரே மாடல். பிளான் என்பது அந்த மாடலை ஒரு குறிப்பிட்ட நிபந்தனையில் பார்ப்பது, அவ்வளவுதான். டேட்டாபேஸில் ஃபில்டர் போட்ட மாதிரி: வரிசை கண்ணில் படவில்லை என்பதற்காக அது அழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

முதல் சந்தேகம்: வெட்டும் உயரம்

வியூ ரேஞ்ச் என்ற அமைப்பில்தான் பெரும்பாலான குழப்பம் இருக்கிறது. வி, ஆர் எழுத்துகளை அடுத்தடுத்து தட்டினால் திறக்கும். டாப், கட் பிளேன், பாட்டம், வியூ டெப்த் என்று அதில் நான்கு உயரங்கள். மெட்ரிக் டெம்ப்ளேட்டில் கட் பிளேன் வழக்கமாக 1200 மிமீ, டாப் 2300 மிமீ. அதாவது, தளத்திலிருந்து 1200 மிமீ உயரத்தில் கட்டடத்தைக் கிடையாக அறுத்து, மேல்பாதியைத் தூக்கி வைத்துவிட்டுக் கீழே எட்டிப் பார்க்கிறோம்.

900 மிமீ சில் உயரத்தில் இருக்கும் ஹால் ஜன்னல் அந்த வெட்டில் மாட்டும். 1500-ல் தொடங்கும் வென்டிலேட்டர் மாட்டாது. ஜன்னல், கேஸ்வொர்க், ஜெனரிக் மாடல் ஆகிய மூன்று வகைகளுக்கு மட்டும், கட் பிளேனுக்கு மேலே இருந்தாலும் டாப்புக்குக் கீழே இருந்தால் காட்டலாம் என்று விதிவிலக்கு உண்டு. ஆனால் நடைமுறையில் உயரமான வென்டிலேட்டரைச் சுவரே விழுங்கிவிடுவதுதான் அதிகம்.

கட் பிளேனை 1800-க்கு ஏற்றினால் போச்சு என்று தோன்றும். வென்டிலேட்டர் வந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தத் தளம் முழுக்க வெட்டு மாறும்; படிக்கட்டின் வெட்டுக்கோடும் இடம் மாறி நிற்கும். அதற்குப் பதில் பிளான் ரீஜன் போடுங்க. வென்டிலேட்டரைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, அந்தக் கட்டத்துக்கு மட்டும் தனி வியூ ரேஞ்ச் கொடுக்கலாம். மற்ற இடம் அப்படியே இருக்கும்.

ஐந்தடி காம்பவுண்ட் சுவரும் ஒரு வேடிக்கை காட்டும். 1200-ல் வெட்டினால் அது வெட்டுப்பட வேண்டும்தானே? படாது. ஏறத்தாழ 2 மீட்டருக்குக் குறைவான சுவர்களை ரெவிட் வெட்டுவதில்லை. மேலிருந்து பார்த்த மாதிரி மெல்லிய கோட்டில் காட்டும். அது பிழை இல்லை, விதியே அப்படி.

தளத்துக்குக் கீழேயும் இதே போல ஒரு சலுகை. நம்ம ஊர் டாய்லெட்டில் 300 மிமீ இறக்கிப் போடும் சங்கன் ஸ்லாப், பாட்டம் எல்லைக்குக் கீழே இருந்தாலும் தெரியும். தளம், படி, சாய்தளம் ஆகியவற்றுக்குப் பாட்டத்திலிருந்து சுமார் 1.22 மீட்டர் ஆழம் வரை அனுமதி உண்டு. அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வியூ டெப்த்தை இன்னும் கீழே இறக்கியாக வேண்டும்.

லாஃப்ட் கதை வேறு. ஏழடி உயரத்தில் இருக்கும் கான்கிரீட் லாஃப்டைத் தளமாக மாடல் செய்தால் பிளானில் வராது. பலர் டிடெயில் லைனில் புள்ளிக்கோடு வரைந்து சமாளிக்கிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் நாளைக்கு லாஃப்ட் நகர்ந்தால் கோடு நகராது, அந்தப் பொய் பிளானிலேயே தங்கிவிடும்.

உயரம் சரி, இன்னும் காணோம் என்றால்?

யாரோ மறைத்திருக்கலாம். ஆர், எச் தட்டினால் மறைக்கப்பட்டவை மெஜந்தா நிறத்தில் தெரியும். அங்கே தெரிந்தால், தேர்ந்தெடுத்து அன்ஹைட் செய்தால் முடிந்தது. ஒரு வகையையே மொத்தமாக அணைத்திருந்தால் விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் பட்டியலில், அதாவது வி, ஜி-யில், டிக் எடுத்திருக்கும். அந்தப் பட்டியலை மாற்றவே முடியாமல் மங்கலாக இருந்தால் வியூ டெம்ப்ளேட் பூட்டி வைத்திருக்கிறது; டெம்ப்ளேட்டைத்தான் திருத்த வேண்டும். திருத்தினால் அதே டெம்ப்ளேட் உள்ள எல்லாப் பிளானும் மாறும் என்பதால், டீமில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை என்றால் ஃபேஸ் அமைப்பையும் பாருங்கள். இடிக்க வேண்டியதாகக் குறித்த சுவர், புதிய கட்டத்தின் பிளானில் வராமல் போகலாம்.

எனக்கு நம்பிக்கையான சோதனை ஒன்றுதான்: ஜன்னல் ஷெட்யூல். வி/ஜி-யில் அணைத்தாலும், வியூவில் மறைத்தாலும் ஷெட்யூலின் எண்ணிக்கை குறையாது. ஷெட்யூலில் 14 ஜன்னல், பிளான்களில் எண்ணினால் 12 என்றால், அந்த இரண்டைத் தேடிவிட்டுத்தான் வரைபடத்தை வெளியிட வேண்டும். ஷெட்யூல் வரிசையைத் தேர்ந்தெடுத்து ஹைலைட் இன் மாடல் கொடுத்தால், அது எங்கே இருக்கிறது என்று ரெவிட்டே காட்டிவிடும்.

எச், எச் தட்டி மறைப்பது தற்காலிகம்தான். வரைபடத்தைச் சுற்றி நீலப்பச்சை நிறத்தில் ஒரு சட்டம் தெரியும். ஃபைலை மூடித் திறந்தால் அந்த மறைப்பு போய்விடும். ஆனால் அந்தச் சட்டம் இருக்கும்போதே பிரிண்ட் கொடுத்தால், மறைத்தபடியே அச்சிடவா என்று மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். மாலை ஆறு மணி டெட்லைனில் அதைப் படிக்காமல் ஓகே அழுத்திவிடாதீங்க.