எர்த்சீ கதைகள் (2006): ஒரு ஜிப்லி படமும் அதன் ரசிகர்களும்

"எர்த்சீ கதைகள்" ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லி தயாரித்த மாயப்புனைவு அனிமேஷன் படம். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவினின் எர்த்சீ நூல் வரிசையைத் தழுவியது. 2006 ஜூலை 29 அன்று ஜப்பானில் "கெதோ செங்கி" என்ற பெயரில் வெளியானது. இயக்கியவர் கோரோ மியாசாகி. புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் மூத்த மகனான அவருக்கு இது முதல் படம். ஓடும் நேரம் 115 நிமிடம்.

அந்த ஆண்டு வந்த ஜப்பானியப் படங்களில் வசூலில் முதலிடம் இதற்குத்தான். சுமார் 765 கோடி யென். அதே ஆண்டுக்கான புன்ஷுன் கேலி விருதுகளில் மிக மோசமான படம், மிக மோசமான இயக்குநர் என்ற இரண்டு பட்டங்களும் இதற்கே கிடைத்தன. கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு முகம் சுளித்தபடி வெளியே வந்தார்கள். ஆனால் எல்லோரும் ஒரே காரணத்துக்காக முகம் சுளிக்கவில்லை. புத்தகம் படித்தவர்களின் குறை ஒன்று, ஜிப்லி ரசிகர்களின் குறை வேறொன்று, இரண்டுமே தெரியாமல் படத்தை மட்டும் பார்த்தவர்களின் குழப்பம் மூன்றாவது.

மூல நூல்கள்

எர்த்சீ என்பது கடலில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான தீவுகளின் உலகம். முதல் நாவல் 1968இல் வந்தது. 1971, 1972, 1990 ஆண்டுகளில் அடுத்த மூன்று. 2001இல் ஒரு கதைத் தொகுப்பும் கடைசி நாவலும். அந்த உலகில் மந்திரம் என்பது பெயர் அறிவது. கல்லுக்கும் பருந்துக்கும் மனிதனுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அது தெரிந்தவன் அதை ஆளலாம். ஆகவே தன் மெய்ப்பெயரை ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது அங்கே உயிரையே கையில் கொடுப்பதற்குச் சமம். மாந்தரில் பெரும்பாலோர் கருநிறத்தவர் அல்லது மாநிறத்தவர். வெள்ளைத் தோல் உள்ளவர்கள் ஓரத்துத் தீவுகளில் வாழும் சிறுபான்மை. 1968இல் ஒரு அமெரிக்க மாயப்புனைவில் இது சாதாரண விஷயமல்ல.

ஹயாவோ மியாசாகி இந்த நூல்களின் நெடுநாள் வாசகர். 1980களிலேயே படமாக்க அனுமதி கேட்டார். அனிமேஷன் என்றால் டிஸ்னி பாணி என்றே அப்போது எண்ணியிருந்த லெ குவின் மறுத்துவிட்டார். பிறகு எழுத்தாளரான தோழி வோண்டா மெக்கின்டயர் மூலம் "என் அண்டைவீட்டு டொடோரோ" படத்தைப் பார்த்து, மியாசாகியின் ரசிகையாகவே மாறினார். இந்த முறை அனுமதி அவர் பக்கத்திலிருந்தே வந்தது. ஆனால் அதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி படத்தைக் கோரோவிடம் ஒப்படைத்தார். கோரோ அதுவரை நிலவெழில் வடிவமைப்பும், மிட்டாகாவில் உள்ள ஜிப்லி அருங்காட்சியகத்தின் இயக்குநர் பொறுப்பும் பார்த்தவர். ஒரு குறும்படம்கூட எடுத்ததில்லை. தந்தை வெளிப்படையாகவே எதிர்த்தார். தயாரிப்புக் காலம் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

படத்தின் கதை

படம் மூன்றாவது, நான்காவது நாவல்களிலிருந்து பெரும்பகுதியையும், முதல் நாவலிலிருந்து "நிழல்" என்ற கருத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஹயாவோ 1983இல் வரைந்த "ஷுனாவின் பயணம்" என்ற படக்கதையின் சாயலும் உண்டு. என்லாட் நாட்டு இளவரசன் ஆரென் அரண்மனைத் தாழ்வாரத்தில் தன் தந்தையான அரசரைக் குத்திவிட்டு, அவருடைய வாளுடன் ஓடிப்போகிறான். வழியில் பெருமந்திரவாதி கெட் அவனைக் காப்பாற்றுகிறார். அடிமை வியாபாரமும் போதைப்பொருளும் மலிந்த ஹார்ட் டவுன் என்ற துறைமுக நகரைக் கடந்து, டெனார் என்ற பெண்ணின் பண்ணையில் தங்குகிறார்கள். அங்கே தீத்தழும்பு முகத்துடன் தெர்ரு என்ற சிறுமி. சாவே இல்லாத வாழ்வைத் தேடும் மந்திரவாதி காப் ஆரெனைத் தன் வலையில் இழுக்க, எல்லாம் ஒரு கோட்டையின் உச்சியில் முடிகிறது.

நூல் வாசகர்களின் வழக்கு

எர்த்சீ வாசகர்கள் முதலில் சுட்டுவது தந்தைக் கொலையை. மூன்றாவது நாவலில் அரசரே மகனை ரோக் தீவுக்குத் தூது அனுப்புகிறார். கொலை எதுவும் இல்லை. படத்தில் கொலை நடக்கிறது, காரணம் சொல்லப்படவில்லை. வெகுநேரம் கழித்து, ஆரெனைத் துரத்தும் உருவம் அவனுடைய நிழல் என்றும், உண்மையில் அது அவனுடைய நல்ல பாதி என்றும் ஒரு விளக்கம் வருகிறது. முதல் நாவலில் நிழல் கெட்டுடையது. இளமைத் திமிரில் தான் அவிழ்த்துவிட்ட இருளை, தன் பெயராலேயே அழைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான் அவன். அந்தக் கதையின் முதுகெலும்பை உருவி வேறொருவனுக்குப் பொருத்தியது பொருந்தவில்லை என்பது வாசகர்களின் கருத்து.

அடுத்தது தெர்ரு. நான்காவது நாவலில் அவள் சின்னக் குழந்தை. பெற்றவர்களே சிதைத்து நெருப்பில் தள்ளியதில் முகத்தின் ஒரு பாதியும் ஒரு கண்ணும் போய், ஒரு கை முடங்கியவள். அந்த முகத்தை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் நாவலின் பாதி. படத்தில் அவள் ஆரென் வயதுப் பெண். கண்ணைச் சுற்றிச் சிவந்த ஒரு தழும்பு, அவ்வளவுதான். கடைசியில் காப் அவள் கழுத்தை நெரித்துச் சாய்த்த பிறகு எழுந்து டிராகனாக மாறுகிறாள். மனிதரும் டிராகனும் ஒரு காலத்தில் ஒரே இனம் என்ற நூல்களின் செய்தி பட விளம்பரத்தில் பெரிதாக வந்தது. படத்துக்குள் அதற்கு அடித்தளம் போடப்படவில்லை. படிக்காதவர்களுக்கு அந்தக் காட்சி வானத்திலிருந்து விழுந்தது போலிருந்தது. படித்தவர்களுக்கோ, ஒரு குழந்தையின் நீண்ட வலிக்குக் கிடைத்த விடை வெறும் திருப்பமாகச் சுருங்கிவிட்டது.

மெய்ப்பெயருக்கும் இதே கதி. ஆரெனும் தெர்ருவும் தங்கள் மெய்ப்பெயரைச் சொல்லும் கட்டங்கள் படத்தில் உண்டு. அது எவ்வளவு பெரிய கொடை என்று முன்பே பார்வையாளருக்கு உணர்த்தப்படவில்லை. டெனாரின் இளமைக் கதையான இரண்டாம் நாவல் ஓரிரு வசனங்களில் கடந்து போகிறது. ஜப்பானியப் பெயருக்குக் "கெட்டின் போர்க் குறிப்பேடு" என்று பொருள். ஆனால் கெட் இதில் துணைப் பாத்திரம், போரும் கிடையாது.

படம் நூலை விட்டு விலகியதுதான் குற்றம் என்று பலர் சொல்வதுண்டு. அது அவ்வளவாக நிற்கவில்லை. இரண்டே ஆண்டுகளுக்கு முன் வந்த "ஹவுலின் நகரும் கோட்டை" டயானா வின் ஜோன்ஸ் நாவலை விட்டு இதைவிட வெகுதூரம் போயிற்று. நாவலில் ஓரமாக இருந்த போரை மையத்துக்குக் கொண்டுவந்தது. ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள். கோரோவின் படத்தில் சிக்கல் வேறு. புத்தகம் படித்தவருக்கு மட்டுமே புரியும் சங்கதிகளை விளக்காமல் வைத்துக்கொண்டு, படித்தவர் மதிக்கும் சங்கதிகளைக் கழற்றிவிட்டது. இரு தரப்பும் ஒரே நேரத்தில் ஏமாந்தது அதனால்தான்.

லெ குவின் சொன்னது

ரசிகர் கருத்தை ஒரு திசையில் திருப்பியதில் மூல ஆசிரியருக்கே பெரும் பங்கு. 2006 ஆகஸ்டில் போர்ட்லாந்து நகரில் அவருக்காகத் தனித் திரையிடல் ஏற்பாடாயிற்று. முடிந்ததும் படம் பிடித்ததா என்று கோரோ கேட்டார். அது தன் நூல் அல்ல, அவருடைய படம், நல்ல படம் என்ற பொருளில் லெ குவின் பதில் சொன்னார். ஒரு இளைஞரின் முகத்துக்கு நேரே சொன்ன பண்பான வார்த்தை அது. கோரோ அதைப் பொதுவில் எழுதிவிட்டார். அதன்பின் லெ குவின் தன் முழுக் கருத்தையும் வெளியிட்டார்.

அதில் பாராட்டும் இருந்தது. படம் அழகு என்றார். கெட்டுக்குக் குரல் கொடுத்த புன்தா சுகவாராவின் கனத்த, இதமான குரல் அவருக்குப் பிடித்தது; தெர்ருவின் பாட்டும் பிடித்தது. ஆனால் டொடோரோவின் நுணுக்கம் இதில் இல்லை என்றார். பரபரப்பை வன்முறையே தாங்குகிறது, கதையில் ஒத்திசைவு இல்லை, அறம் பேசும் வசனங்கள் போதனையாக ஒலிக்கின்றன என்றார். அவருடைய முக்கியமான புகார், தீமையெல்லாம் ஒரு வில்லனுக்குள் திணிக்கப்பட்டு, அவனைக் கொன்றதும் பிரச்சினை தீர்ந்துபோகிறது என்பது. எர்த்சீயில் அப்படித் தீராது. ஹயாவோவின் மேற்பார்வை இருக்கும் என்ற உறுதியின் பேரில் ஒப்புக்கொண்டதாகவும், அவர் எதிலும் கைவைக்கவில்லை என்று பிறகே தெரிந்ததாகவும் எழுதினார்.

நிறப் பிரச்சினையில் அவர் காட்டிய நிதானம் கவனிக்கத்தக்கது. 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி எர்த்சீயைக் குறுந்தொடராக எடுத்து, கெட் வேடத்துக்கு ஒரு வெள்ளையரைப் போட்டபோது அவர் கடுமையாகக் கண்டித்திருந்தார். ஜிப்லி படத்தின் மாந்தரும் வெளிறியே தெரிகிறார்கள் என்று மேற்கத்திய வாசகர்கள் குறைபட்டனர். ஜப்பானியர் கண்ணுக்கு அனிமேஷன் முகங்கள் வேறுவிதமாகத் தெரியலாம் என்று தனக்குச் சொல்லப்பட்டதைக் குறிப்பிட்டு, லெ குவின் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் குறுந்தொடரின் உரிமைச் சிக்கலால் படம் அமெரிக்காவில் 2010 ஆகஸ்டில்தான் வெளியானது. ஆங்கிலத்தில் கெட்டுக்குத் திமோதி டால்டனும் காப்புக்கு வில்லம் டாஃபோவும் குரல் தந்தார்கள். அமெரிக்க ரசிகர்கள் படத்தைப் பார்க்கும் முன் நான்காண்டுகள் ஆசிரியரின் விமரிசனத்தைத்தான் படித்திருந்தார்கள். தீர்ப்பு கைக்கு வந்த பிறகு வழக்கைக் கேட்டவர்கள் அவர்கள்.

ஜிப்லி ரசிகர்களும் அப்பா-மகன் கதையும்

ஜப்பானில் பேச்சு வேறு மாதிரி. அங்கே பலர் லெ குவினுக்காக அல்ல, மியாசாகி என்ற பெயருக்காகப் போனவர்கள். கோரோ தயாரிப்பின்போது எழுதிவந்த இயக்குநர் நாட்குறிப்பில், தன் அப்பாவுக்குத் தந்தை என்ற வகையில் பூஜ்யமும் இயக்குநர் என்ற வகையில் முழு மதிப்பெண்ணும் போட்டிருந்தார். அப்படிப்பட்டவரின் படம் மகன் தந்தையைக் குத்துவதோடு தொடங்கினால் ரசிகர்கள் சும்மா விடுவார்களா? முன்னோட்டக் காட்சியில் ஹயாவோ பாதியில் எழுந்து வெளியே வந்ததும், மகன் இன்னும் பெரியவனாகவில்லை என்ற பொருள்படச் சொன்னதும் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் பதிவாகியுள்ளன. படத்தை அப்பா-மகன் சண்டையாகப் பார்க்கும் இந்த வாசிப்பு சுவையானது. ஆனால் படத்தைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டது. அசைவில் உயிர் குறைவு, கூட்டக் காட்சிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன, பாத்திரங்கள் செய்வதைவிடப் பேசுவது அதிகம் என்ற தொழில்சார்ந்த குறைகள் அந்த வம்பில் அமுங்கிப்போயின. உயிரை மதிக்காதவர்களைப் பார்த்துத் தெர்ரு கத்தும் வசனம் ஜப்பானில் கேலிப்பொருளாகவே புழங்கியது.

படம் வெளியான அதே ஜூலையில், முன்பு "ஹவுல்" படத்தை ஜிப்லிக்காக இயக்கத் தொடங்கி விலகிய மமோரு ஹொசோதாவின் "காலம் தாண்டிய சிறுமி" சில திரையரங்குகளில் மட்டும் வெளியாகி, வாய்வழிப் பேச்சிலேயே வளர்ந்தது. ஜப்பான் அகாதமியின் முதல் அனிமேஷன் விருது அதற்குப் போயிற்று. போட்டியிலிருந்த "கெதோ செங்கி" தோற்றது.

ஆதரவாளர்கள்

படத்தைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் இரண்டு காட்சிகளைச் சொல்வார்கள். ஒன்று தொடக்கம். புயலில் தத்தளிக்கும் கப்பலில் வானிலை மந்திரவாதிக்குக் கடல் அலையின் பெயர் மறந்துபோகிறது. மேகத்துக்கு மேலே இரண்டு டிராகன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. ஒரு சொல் மறந்ததே உலகம் சரிவதற்கு அடையாளமாக நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், நூல்களின் சாரம் முழுதாக இருக்கிறது.

மற்றது பாட்டு. அந்திவெயில் படிந்த புல்வெளியில் காற்று மட்டும் அசைய, தெர்ரு தனியாக நின்று வாத்தியம் ஏதுமின்றிப் பாடுகிறாள். பின்னால் வந்த ஆரென் நின்றுவிடுகிறான்; கண்ணீர் தானாக வழிகிறது. பாதியில் வெட்டாமல் பாட்டை ஓடவிட்டதைச் சிலர் இழுவை என்பர், சிலர் படத்தின் ஒரே துணிச்சல் என்பர். பின்னவர் பக்கமே நியாயம் அதிகம். பாடியவர் அப்போது அறிமுகப் பாடகியான அவோய் தெஷிமா. தெர்ருவுக்குக் குரலும் அவரே. கோரோ எழுதிய வரிகள் கவிஞர் ஹகிவாரா சகுதாரோவின் "மனம்" என்ற கவிதையை மிகவும் ஒத்திருக்கின்றன என்ற சர்ச்சை பிறகு கிளம்பியது. அதனால் பாட்டின் செல்வாக்கு குறையவில்லை.

இன்னொரு ஆதரவு ஆரெனைப் பற்றியது. காரணமே சொல்ல முடியாத அச்சமும் வெறியும் பதின்வயதில் வரும். அதற்குக் காரணம் கேட்பதுதான் தவறு என்று இவர்கள் வாதிடுகிறார்கள். படம் இதைத் தெளிவாகச் செய்யவில்லை. ஆனால் அரண்மனை இருட்டில் கையில் ரத்தத்துடன் திகைத்து நிற்கும் அந்தப் பையனைப் பார்த்தால், இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடிவதில்லை.

பிற்காலம்

2020 பிப்ரவரியில் அமெரிக்கா, கனடா, ஜப்பான் தவிர்த்த நாடுகளில் நெட்ஃபிளிக்ஸ் ஜிப்லி படங்களை ஏற்றியபோது முதல் தொகுதியிலேயே இது இருந்தது. 2006இன் சண்டைகளை அறியாத புதிய ரசிகர்கள் டொடோரோ, கிகி போன்ற ஜிப்லி படங்களுக்குப் பக்கத்தில் இதைப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூனில், பெருந்தொற்றால் புதுப் படங்கள் இல்லாத ஜப்பானியத் திரையரங்குகளுக்கு ஜிப்லியின் நான்கு பழைய படங்கள் திரும்பி வந்தன. "நௌசிகா", "மோனோனோகே இளவரசி", "ஸ்பிரிட்டெட் அவே" என்ற மூன்றோடு நான்காவதாக நின்றது "கெதோ செங்கி". மற்ற மூன்றும் அப்பாவின் படங்கள்.

கோரோ அடுத்து எடுத்த "பாப்பி மலையிலிருந்து" (2011) ஜப்பான் அகாதமி விருது பெற்று, அவர்மேல் இருந்த ஐயத்தை ஓரளவு போக்கியது. 2020 டிசம்பரில் அவர் இயக்கிய, ஜிப்லியின் முதல் முழுநீள முப்பரிமாணக் கணினிப் படமான "இயர்விக்" வந்தபோது, ஜிப்லி தரவரிசைகளின் அடித்தட்டில் நெடுங்காலம் தனியாகக் கிடந்த "எர்த்சீ கதைகள்" படத்துக்குத் துணை கிடைத்தது. இப்போது ரசிகர்கள் இந்த இரண்டில் எது மோசம் என்று வாதாடுகிறார்கள். எர்த்சீயின் பக்கம் பேசுபவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது கலை இயக்குநர் யோஜி தகேஷிகேயின் வானங்களை.