தற்கொலை பேட்டரியுடன் பிறந்த போர்டு

1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆர்கேட் உலகத்தையே புரட்டிப் போட்டது. கூடவே போலி போர்டுகளும் குவிந்தன. காசு ஒரு பக்கம் கொட்ட, இன்னொரு பக்கம் கள்ளப் பிரதிகள் அதைத் தின்றன. ஒசாகாவின் கேப்காம் நிறுவனம் இதற்குப் பதிலடியாக 1993-ல் இறக்கிய ஹார்டுவேர்தான் சிபிஎஸ்-2.

ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தும் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். கீழே உள்ளது ஏ போர்டு, எல்லா விளையாட்டுக்கும் பொது. மேலே உட்காரும் பி போர்டில்தான் விளையாட்டு இருக்கும். கடைக்காரர் புது விளையாட்டு வேண்டுமென்றால் பி போர்டை மட்டும் மாற்றினால் போதும். ஜப்பானுக்கு நீலப் பெட்டி, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பச்சை, மற்ற ஆசிய நாடுகளுக்குச் சாம்பல்.

பூட்டு இருந்ததும் பி போர்டில்தான். விளையாட்டின் புரோகிராம் மறைகுறியில் எழுதப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் சாவி ஒரு சின்ன நினைவகத்தில். அந்த நினைவகத்துக்கு உயிர் கொடுத்தது ஒரு 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். பிறகு சுவிட்சைப் போட்டால் திரையில் வெறும் ஒற்றை நிறம்தான் தெரியும். ஆர்வலர்கள் இந்தப் பேட்டரிக்கு 'தற்கொலை பேட்டரி' என்றே பெயர் வைத்தார்கள். திருட்டைத் தடுக்க நினைத்ததில் தப்பில்லை. ஆனால் முழுக்காசு கொடுத்து வாங்கியவன் பொருளுக்கும் நாள் குறித்து அனுப்பியது அநியாயம்.

ஆர்கேட் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது இந்தப் போர்டுகள் சேகரிப்பாளர்கள் கைக்கு வந்தன. வீட்டில் ஓட்ட ஆளுயர கேபினெட் தேவையில்லை. சூப்பர்கன் என்ற இணைப்புப் பெட்டி போதும். இதற்கு வழி செய்தது ஜாமா. ஜப்பானிய ஆர்கேட் உற்பத்தியாளர் சங்கம் 1985-ல் வகுத்த 56 முனை இணைப்பு அது. மின்சாரம், படம், ஒலி, ஜாய்ஸ்டிக், காசு போடும் சுவிட்ச் எல்லாம் அந்த ஒரே விளிம்பு வழியாகப் போகும். ஆளுக்கு மூன்று பட்டன்தான் அதில் அடக்கம். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' உதை பட்டன்களுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும்.

சூப்பர்கன் வேலையில் பொறுமை வேண்டிய இடம் மின்சாரம். மல்டிமீட்டரின் முனையை பவர் சப்ளையில் அல்ல, போர்டின் மேலேயே வைத்து 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வயர் நீளத்தில் கொஞ்சம் இறங்கிவிடும். குறைந்தால் விளையாட்டு பாதியில் ரீசெட் ஆகும். கூட்டினால் சிப்புகளுக்கே ஆபத்து. அடுத்தது படம். ஆர்கேட் போர்டின் ஆர்ஜிபி சிக்னல் சில வோல்ட் வலுவில் வரும். வீட்டு டிவி எதிர்பார்ப்பது 0.7 வோல்ட். நடுவே ரெசிஸ்டர் வைத்துத் தணிக்காவிட்டால் டிவி கெட்டுப்போகலாம். ஸ்கார்ட் முனை இருந்த ஐரோப்பியப் பழைய டிவிகளில் தணித்த சிக்னல் நேராகவே ஓடியது. அமெரிக்க டிவிகளில் அந்த வசதி கிடையாது, மாற்றிக் கொடுக்கத் தனிக் கருவி வேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் பேட்டரி நாள் எண்ணிக்கொண்டே இருந்தது. 2001-ல் சிபிஎஸ்-2 ஷாக் என்ற குழு ஹார்டுவேரைக் குடைந்து, மறைகுறி நீங்கிய புரோகிராமை வெளியே எடுத்தது. செத்த போர்டுகளில் அதை எழுதி ஓட்டினார்கள். ஆனால் அதற்கு அசல் சிப்புகளைக் கழற்ற வேண்டியிருந்தது. 2007-ல் ஆண்ட்ரியாஸ் நைவ், ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரைத் தொடங்கிய நிக்கோலா சால்மோரியா இருவரும் மறைகுறியின் முழு முறையையும் கண்டுபிடித்தனர். சாவியின் நீளம் 64 பிட். மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான்: அழிந்த சாவியை போர்டுக்குள் மறுபடி எப்படி வைப்பது? 2016-ல் எடுவார்டோ குரூஸ், ஆர்ட்டெமியோ உர்பினா, இயன் கோர்ட் மூவரும் அதற்கும் வழி கண்டார்கள். அசல் சிப்பு எதையும் தொடாமலே சாவியைத் திரும்ப எழுத முடிந்தது. செத்த போர்டு பிறந்தபடியே எழுந்தது. கேப்காம் தன் கடைசி சிபிஎஸ்-2 விளையாட்டை வெளியிட்டுப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இப்போது ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் சாவியைத் தானே எழுதிக்கொடுக்கும் குட்டி போர்டுகள்கூட விற்கின்றன. சிபிஎஸ்-2 கையில் வைத்திருப்பவர்கள் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய பேட்டரியை முதலில் பாருங்கள். போன சாவியைத் திரும்ப எழுதலாம். பேட்டரி கசிந்து அரித்த தாமிரத் தடங்களைச் சரிசெய்வதுதான் பெரும்பாடு.