தொலைபேசியில் சொன்ன உண்மை



திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. ஒரு செயலில் இறங்குமுன் அச்செயலின் வலிமையையும் தன் வலிமையையும் பகைவனின் வலிமையையும் எடைபோட வேண்டும் என்று அங்கே வள்ளுவர் வற்புறுத்துகின்றார். அவ்வாறு எடைபோட்டு, போரினாற் பயனில்லை என்று மனத்துக்குள் உணர்ந்திருந்தும் போரில் இறங்கிய ஓர் ஆட்சியாளரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அவர் ஐக்கிய அமெரிக்காவின் முப்பத்தாறாவது ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன்.

1963 நவம்பர் 22இல் ஜோன் கென்னடி டலஸ் நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றே, அந்நகர் விமான நிலையத்தில் நின்ற விமானத்துக்குள், உப ஜனாதிபதி ஜோன்சன் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார்.

ஆசிரியனாகிய எனக்கு இவரிடத்தில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. இவரும் ஆசிரியராக இருந்தவர். 1928இல், கல்லூரிப் படிப்பை இடைநிறுத்தி, ரெக்சாஸ் மாநிலத்தின் கொற்றுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். காலை உணவின்றிப் பசியோடு வகுப்புக்கு வந்த அப்பிள்ளைகளை அவர் மறக்கவில்லை. 1965 மார்ச் 15இல், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகக் காங்கிரஸில் உரையாற்றியபோது அவர்களை நினைவுகூர்ந்தார். அன்று செய்ய இயலாத உதவியை இன்று செய்யும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்தியே தீருவேன் என்ற கருத்துப்படப் பேசினார்.

சொன்னபடி செய்தும் காட்டினார். 1964 யூலையிற் கையொப்பமிட்ட குடியியல் உரிமைச் சட்டம், உணவகம், விடுதி முதலான பொது இடங்களில் இன ஒதுக்கலைத் தடைசெய்தது. 1965 யூலையில் முதியோருக்கான மருத்துவக் காப்புறுதி வந்தது. அடுத்த வாரமே வந்த வாக்குரிமைச் சட்டம், எழுத்தறிவுச் சோதனை என்னும் பெயராற் கறுப்பினத்தவரை வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்திய தென்மாநிலத் தந்திரங்களை முறித்தது.

இது ஒரு பக்கம். மறுபக்கம் வியட்நாம்.

1964 மே 27இல், தமது பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜோர்ஜ் பண்டியுடன் ஜோன்சன் தொலைபேசியிற் பேசினார். வியட்நாம் போரிடத் தகுந்த இடமாகத் தமக்குப் படவில்லை என்றார். வெளியேறவும் வழி தெரியவில்லை என்றார். தமக்குப் பணிவிடை செய்யும் சார்ஜன்ற் ஒருவருக்கு ஆறு பிள்ளைகள், அவரை எதற்காக அங்கே அனுப்புவது என்றும் கேட்டார். அவ்வுரையாடல் பதிவாகி, 1997இல் உலகறிய வெளிவந்தது. அவர் பேசிய வேளையில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் ஏறக்குறைய 16,000 பேர்தான்.

அப்படியிருந்தும் ஏன் விலகவில்லை? அச்சந்தான் காரணம். 1949இற் சீனா பொதுவுடைமையாளர் வசமானபோது, அதைப் பறிகொடுத்தவர் என்ற பழியை ட்ரூமன் சுமந்தார். வியட்நாமையும் இழந்தால் அதே பழி தம்மீது விழும், தாம் கனவு கண்ட சமூகச் சட்டங்களும் கவிழ்ந்துவிடும் என்று ஜோன்சன் அஞ்சினார்.

1964 ஓகஸ்டில், ரொங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாகக் கூறிக் காங்கிரஸிடம் அதிகாரம் கேட்டார். இரண்டாவது தாக்குதல் நடைபெறவேயில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால் பிரதிநிதிகள் சபையில் எதிர்வாக்கு ஒன்றேனும் இல்லை. செனற் சபையில் இருவர் மாத்திரமே எதிர்த்தனர். அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் 61 வீத வாக்குகளோடு ஜோன்சன் வென்றார். பசித்த பிள்ளைகளை நினைந்து அவர் உருகிய அந்த உரைக்கு ஒரு வாரம் முன்னதாகவே, 1965 மார்ச் 8இல், டா நாங் கரையில் மரைன் படையினர் இறங்கிவிட்டனர். 1968இல் படையினரின் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

வறுமையை ஒழிக்க ஒதுக்கிய பணத்தைப் போர் விழுங்குகிறது என்று மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரலிற் பகிரங்கமாகக் கண்டித்தார். வெற்றி நெருங்குகிறது என்று அரசு சொல்லிக்கொண்டிருக்கையில், 1968 ஜனவரி இறுதியில், வியட்நாமியப் புத்தாண்டு வேளையில், தென்னகத்து நகரங்கள் எங்கும் தாக்குதல் வெடித்தது. மக்களின் நம்பிக்கை தகர்ந்தது. மார்ச் 31இல், மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜோன்சன் தொலைக்காட்சியில் அறிவித்தார். நான்கு நாட்களிற் கிங் கொல்லப்பட்டார். யூனில் றொபேட் கென்னடி கொல்லப்பட்டார். நவம்பரில் நிக்சன் வென்றார். போர் மேலும் நீண்டது. 1973 ஜனவரி 22இல் ஜோன்சன் காலமானார். சமாதான உடன்பாடு எட்டப்பட்ட செய்தியை நிக்சன் அறிவித்தது அதற்கு மறுநாள்.

நேயர்களே, இவரை நல்லவர் என்பதா, தீயவர் என்பதா? ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துவிட என்னால் இயலவில்லை. அவர் தந்த மருத்துவக் காப்புறுதியால் அமெரிக்க முதியோர் இன்றும் பயன் பெறுகின்றனர். வாஷிங்டன் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாண்ட வியட்நாமியரோ பல இலட்சம். தொலைபேசியிற் பண்டியிடம் சொன்னதை அவர் அன்றே தம் மக்களிடம் சொல்லியிருந்தால் பழி வந்திருக்கலாம், பதவியும் போயிருக்கலாம். அவ்வளவுதான். ஆட்சியாளர் ஒருவர் தனிமையிற் சொல்வதற்கும் சபையிற் சொல்வதற்கும் இடையே விழும் பள்ளத்தை, ஊர்பேர் தெரியாத பெற்றோரின் பிள்ளைகளே தம் உடல்களால் நிரப்ப வேண்டியிருக்கிறது.