மலை மேல் ஒரு நாகப்பட்டினம்

ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் எடின்பரோ கோட்டை, கிளாஸ்கோ, லாக் நெஸ் ஏரி என்று நான்கைந்து நாளில் முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்வெர்னெஸ் வரை போகிறவர்கள் இன்னும் 35 கிலோமீட்டர் வடக்கே போனால் ஆல்னெஸ் என்றொரு சின்ன ஊர் வரும். ஒரே ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் நிலையம், இரண்டு விஸ்கி ஆலைகள். அவ்வளவுதான் ஊர். ஆனால் நாகப்பட்டினம், தஞ்சாவூர் பக்கத்துக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது.

ஊருக்கு மேலே ஃபைரிஷ் என்று ஒரு குன்று. உயரம் சுமார் 450 மீட்டர். அதன் உச்சியில் வரிசையாகக் கல் தூண்கள், நடுவில் வளைவுகள். தூரத்திலிருந்து பார்த்தால் இடிந்த கோட்டை மாதிரி தெரியும். அது இடிந்ததல்ல, கட்டும்போதே அப்படித்தான் கட்டினார்கள். அது எதன் சாயல் தெரியுமா? நாகப்பட்டினம் கோட்டை வாசல்!

கட்டியவர் சர் ஹெக்டர் மன்ரோ. பக்கத்து நோவார் பண்ணையின் உரிமையாளர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி. 1764-ல் பக்ஸார் போரில் வென்றவர் இவர்தான். அதே ஆண்டு, கலகம் செய்த சிப்பாய்கள் 24 பேரைக் கொல்ல உத்தரவிட்டவரும் இவரே. பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

1780-ல் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் படையோடு இறங்கினார். அப்போது மன்ரோ சென்னைப் படையின் தளபதி. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் செப்டம்பர் 10-ம் தேதி கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சில மைல் தூரத்தில் இருந்த மன்ரோ நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கனரக பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அன்று சிக்கியவர்களில் இதே ஸ்காட்லாந்து மலைநாட்டு ரெஜிமென்டைச் சேர்ந்தவர்களும் உண்டு. பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார்.

இந்த அவமானத்தைக் கழுவிய இடம்தான் நாகை. 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்த ஊர் அது. 1690 முதல் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம். டச்சுக்காரர்கள் ஹைதரோடு கைகோத்தார்கள். 1781 அக்டோபரில் கடலில் அட்மிரல் ஹியூஸின் கப்பல்கள், கரையில் மன்ரோவின் படை. முற்றுகையிட்டவர்களைவிடக் கோட்டைக்குள் இருந்தவர்கள் அதிகம். ஆனாலும் மூன்று வாரத்தில், நவம்பரில், கோட்டை சரணடைந்தது.

அதன் பிறகு ஊருக்குத் திரும்பிய மன்ரோ எழுப்பிய நினைவுச் சின்னம்தான் ஃபைரிஷ். 1782-ல் ஸ்காட்லாந்தில் விளைச்சல் பொய்த்துச் சனங்கள் தவித்தார்கள். அவர்களுக்குக் கூலி வேலை கொடுக்கவே இதைக் கட்டினார் என்கிறார்கள். வேலை நாள் கூடட்டும் என்று, ஏற்றிய கற்களை அவரே மலையிலிருந்து உருட்டிவிட்டு மறுபடியும் சுமக்க வைத்தார் என்றும் அந்தப் பக்கம் ஒரு கதை உண்டு. நம்மூர்ப் பஞ்ச நிவாரண வேலைகளுக்கு அண்ணன் முறை!

கேட்கும்போது நல்ல மனிதராகத்தான் தோன்றுகிறது. ஆனால் வங்கியில் குப்பை கொட்டுகிறவன் புத்தி, வரவைப் பார்த்தால் பற்று எங்கே என்று தேடும்.

முதல் பற்று நம் பக்கம். அதே 1781, 82-ல் தஞ்சாவூர்ச் சீமை சூறையாடப்பட்டு, பாசனம் சிதைந்து, வயல்கள் தரிசாகக் கிடந்தன. தஞ்சைப் பக்கம் இதை ஹைதர் கலாபம் என்றே சொல்வார்கள். சென்னையிலும் பஞ்சம். ஆக அங்கே பட்டினி தீர்க்கக் கட்டிய வாசலின் அசல், இங்கே பட்டினி கிடந்த நாட்டின் வாசல். கூலி கொடுத்த நோவார் பண்ணையிலும் இந்தியாவில் சேர்த்த பணம் இருந்தது.

இரண்டாவது பற்று அவர் ஊரிலேயே. பத்தே வருடம் கழித்து, 1792-ல், அவருடைய பண்ணையைச் சேர்ந்த கில்டெர்மோரி நிலம் செம்மறி ஆடு வளர்க்கும் வெளியூர்க்காரர்களுக்குக் குத்தகைக்குப் போனது. தலைமுறையாக அங்கே மாடு மேய்த்த குடியானவர்களுக்கு இடமில்லை. அவர்கள் கூடி, ஆயிரக்கணக்கான ஆடுகளைச் சீமையை விட்டே ஓட்டிச் செல்லப் பார்த்தார்கள். ராணுவம் வந்து கலைத்தது. முன்னின்றவர்கள் மேல் வழக்கு. மலைநாட்டில் அந்த வருடத்துக்கு ஆட்டு வருடம் என்றே பெயர். கல் சுமந்து கூலி வாங்கிய குடும்பங்களில் எத்தனை பேர் பிறகு கப்பலேறினார்களோ! பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு அது புரியாதா?

மன்ரோவும் தப்பவில்லை. அதே 1792 டிசம்பரில் வங்காளத்துச் சாகர் தீவில் அவர் மகனைப் புலி கொன்றது. வெள்ளைக்காரனைக் கடிக்கும் திப்புவின் மரப்புலி பொம்மைக்கு அந்தச் சம்பவமே தூண்டுதல் என்று பலர் கருதுகிறார்கள். பொம்மை இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மலையேறி இறங்க இரண்டு, மூன்று மணி நேரம். பைன் காட்டு வழி, சேறு இருக்கும், நல்ல ஷூ வேண்டும். மேலிருந்து குரோமார்ட்டி கடற்கழி முழுவதும் தெரியும். பக்கத்து எவான்டனில் பிளாக் ராக் என்ற குறுகலான, ஆழமான பாறைப் பிளவும் பார்க்கலாம். கீழே 1839-ல் தொடங்கிய டால்மோர் விஸ்கி ஆலை. தொடங்கியவர் சீனாவுக்கு அபினி விற்ற ஜார்டின் மாத்திசன் கம்பெனியின் பங்குதாரர். அபினி விளைந்தது நம் நாட்டில்.

டச்சுக்காரர் காலத்துக் கோட்டை வாசலை இன்று நாகையில் தேடினால் கிடைக்காது. அதன் நகல் மட்டும் குளிரிலும் மழையிலும் அங்கே நிற்கிறது. பிள்ளைகளோடு போனால், அது யார் ஊர் வாசல் என்று சொல்லிக்கொண்டே ஏறுங்கள்.